தலைவர் வராமல் கையெழுத்து இல்லை

அப்பாவின் நெஞ்சுக்குள், பெரிய இரத்தக்குழாய் வளையும் இடத்தில் வீக்கம் இருப்பதாகப் பதுளையில் எடுத்த ஸ்கேன் காட்டியது. இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. வீக்கம் எந்த நேரமும் வெடிக்கலாம் என்றார்கள். ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நாற்பது வருடம் உழைத்த அப்பாவோ, அதை வாயுத் தொல்லை என்று இஞ்சி தின்றுகொண்டிருந்தார்.

மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து டாக்டர் படம் வரைந்து விளக்கினார். நெஞ்சைப் பிளக்கத் தேவையில்லை. தொடையிடுக்கு வழியாக ஒரு துணிக்குழாயை உள்ளே அனுப்பி, வீங்கிய இடத்தில் விரித்துவிடுவார்கள். தலைக்கும் கைகளுக்கும் இரத்தம் தடையின்றிப் போக அதிலேயே கிளைகள் இருக்கும். அப்பாவின் அளவுக்கு வெளிநாட்டில் செய்து வரவேண்டும். அதற்கு முதலில் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

"தலைவர் வரணுங்க," என்றார் அப்பா.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. தோட்டத்து மேனேஜரான துரை நீட்டும் காகிதம் எதிலும் தொழிற்சங்கத் தலைவர் பார்க்காமல் எங்கள் தோட்டத்தில் யாரும் கையெழுத்து வைப்பதில்லை. அப்படி வைத்து ஏமாந்தவர்கள் அத்தனை பேர். ஆனால் இவர் துரை இல்லையே. பண்டாரவளையில் பத்து வருடமாகப் பாடம் நடத்தும் மகள் நானும் பக்கத்திலேயே நிற்கிறேன்.

"நான் வாசிச்சிட்டேம்ப்பா."

"நீ படிச்ச புள்ள. ஒனக்குப் பேரம் பேசத் தெரியாது."

டாக்டர் மறுநாள் மதியம் வரை பதுளையில் இருப்பார் என்பதால் தலைவருக்கு போன் போட்டேன். விடிந்ததும் முதல் பஸ்ஸிலேயே, கக்கத்தில் கோப்புடன் வந்து இறங்கினார். நாற்காலியை இழுத்து டாக்டருக்கு நேரெதிரே போட்டுக்கொண்டார்.

"கெளை மூணுதான் இருக்கு. நாலாக்க முடியாதுங்களா?"

"மனிசருக்கே மூண்டுதான் ஐயா."

"சரி. தோட்டத்துல பாரம் தூக்குனதாலதான் இது வந்திச்சுன்னு எழுதிக் குடுங்க."

"சுருட்டாலயும் வந்திருக்கலாம்."

தலைவர், சுருட்டு எட்டிப்பார்த்த தன் சட்டைப்பையை மெல்ல மூடிக்கொண்டு அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார்.

"கடைசியா ஒண்ணு. ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் நாங்க போடுறோம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பிடி எழுத ஏலாது ஐயா. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல் போகலாம். இடது கைக்கு இரத்தம் போகாமல் விடலாம். உயிரும் போகலாம். செய்யாட்டி அதைவிட ஆபத்து. கவனமாச் செய்வன், அவ்வளவுதான் சொல்லலாம்."

தலைவர் கோப்பை மூடினார். "வாங்கண்ணே, போவோம். பேச்சு முறிஞ்சிருச்சு."

அவர் கழுத்தை நெரிக்கலாமா என்றிருந்தது எனக்கு. இந்த வறட்டுப் பிடிவாதத்தால் அப்பாவை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அப்பா எழுந்திருக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"நாப்பது வருசத்துல எத்தனையோ தொரைமாரு வந்தாங்க. அத்தன பேரும் ஒண்ணும் ஆகாதுன்னு உறுதி குடுத்தாங்க. முடியாதுன்னு சொன்னது இவரு ஒருத்தருதான். இவர நம்பலாம்."

எழுத்துக்கு எழுத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தலைவர் மேசைக்கு மேலே குனிந்து அதைச் சரிபார்த்தார்.

குழாய் வந்துசேர இரண்டு மாதம் ஆனது. அப்பா இருமும்போதெல்லாம் நான் செத்துப் பிழைத்தேன். கொழும்பில் சிகிச்சை முடிந்து என்னை உள்ளே விட்டதும், முகத்தைக்கூடப் பார்க்காமல் அவருடைய இடது கையைத்தான் தொட்டேன். சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, நர்ஸ் அதட்டும்வரை அழுதேன்.