கண்டக்டர் சேதுராமனின் நாற்பத்தேழு கடிதங்கள்

தன்னை யாரென்றே அறியாத ஒருவரிடம் ஒரு மனிதன் எத்தனை காலம் விசுவாசமாக இருக்க முடியும்? இருந்தால், அந்த விசுவாசம் அவரைப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டா? மலாக்காவில், காஜா பெராங்கில் குடியிருந்த பஸ் கண்டக்டர் சேதுராமன் இப்படியெல்லாம் கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் அவனுடைய வாழ்க்கையைச் சொல்லப் போனால் இந்தக் கேள்வியைத் தாண்டிச் சொல்ல அதிகம் இல்லை.

செங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டில், இருபத்தோரு வயதில், டவுனுக்கு வந்து பஸ் கம்பெனியில் சேர்ந்தான். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, கையில் டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கி. டவுனிலிருந்து காஜா பெராங் வழியாகச் செங் வரைக்கும் ஒரு நாளில் ஒன்பது நடை. அவனைக் குறை சொன்னவர்கள் இல்லை, புகழ்ந்தவர்களும் இல்லை. கண்டக்டரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? சில்லறை வாங்குகிற கையைத்தான் பார்ப்பார்கள்.

1964 தொடக்கத்தில் நடராஜனின் இசைத்தட்டு வந்தது. நடராஜன் காஜா பெராங்கிலேயே, மலாக்கா செட்டிகளின் கம்பத்துக் குடியிருப்பில் பிறந்தவர். சிங்கப்பூருக்குப் போய் நான்கு பேர் கொண்ட கித்தார் குழு ஒன்றில் சேர்ந்து பாடினார். தட்டின் ஒரு பக்கம் மலாய்ப் பாட்டு, மறுபக்கம் தமிழ். மின்சாரக் கித்தார் அதிர, தமிழில் ஒருவர் அப்படித் தொண்டையைத் திறந்து பாடி அந்த ஊர் இளைஞர்கள் அதுவரை கேட்டதில்லை. பாட்டு அவ்வளவு உயர்ந்ததா என்பது வேறு விஷயம். இன்று கேட்டால் கித்தார் கொஞ்சம் அவசரப்படுவது தெரியும். அன்று யாருக்கும் அது தெரியவில்லை.

டவுனில் இசைத்தட்டுக் கடை வாசலில் சேதுராமன் அதைக் கேட்டான். டிரைவர் இரண்டு தரம் ஹார்ன் அடித்தும் அவன் வரவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டு வேலையில் அவன் பஸ்ஸைக் காக்கவைத்தது அந்த ஒருமுறைதான்.

சில வாரங்களில் ரசிகர் குழு ஒன்று உருவானது. பதின்மூன்று பேர். ஆஸ்பத்திரிச் சிப்பந்தி மருதமுத்துவின் வீட்டுப் பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் கூடுவார்கள். சேதுராமன்தான் தலைவன். அவனிடம்தான் பாட்டுப்பெட்டி இருந்தது, கையெழுத்தும் அவனுடையதுதான் அழகாக இருந்தது. மாதம் ஒரு கடிதம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தனியாக ஒன்று, நடராஜனின் காஜா பெராங் வீட்டு முகவரிக்கு அவன் எழுதினான். ‘இசை வானின் இணையற்ற விடிவெள்ளியே’ என்று தொடங்கி, பாராட்டு இரண்டு பக்கம் ஓடும். கடைசியில் குழுவின் செய்திகள்: யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் வீட்டில் சாவு.

ஒரு கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

1965 இறுதியில் தஞ்சோங் கிளிங் கடற்கரைத் திடலில் ஒரு கச்சேரிக்கு ஏற்பாடாகியிருந்தது. பதின்மூன்று பேரும் போய் மழையில் நின்றார்கள். நடராஜன் மேடை ஏறவில்லை. அதன் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. ஊருக்குத் திரும்பி, அக்கா அன்னம்மாவோடு பழைய வீட்டில் இருந்துகொண்டார். முன்பக்க ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. தேடிப் போனவர்களிடம் அன்னம்மா வேலியருகே நின்று, தம்பி தூங்குகிறான் என்பார். தொண்டை போய்விட்டது என்றார்கள், பெண் விவகாரம் என்றார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது.

1967 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொதுப்பணிக் கிடங்கில் வேலை பார்த்த கருணாகரன் பேச்சைத் தொடங்கினான். குழுவில் வாய் கூர்மையானவன் அவன்தான்.

“ஏன்யா சேது, போன மாசக் கடுதாசி போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“பதிலு?”

இரண்டு பேர் சிரித்தார்கள்.

“எங்க வீட்டுப் பூனைக்கு மிச்ச மீனு வெச்சா, அதுகூட கால உரசிட்டுப் போவுதுலா. ஒன் ஆளு நாப்பத்தாறு கடுதாசிக்கு ஒரு தும்மல்கூட போடல.”

“அவரு அப்பிடிப்பட்டவரு இல்ல.”

“எப்பிடிப்பட்டவருன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு வாட்டி பேசியிருக்கியா?”

“பாட்டக் கேட்டாத் தெரியாதா?”

“பாட்டு தட்டுலேர்ந்து வருது சேது. தட்டுக்கு நீ யாருன்னு தெரியாது.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சேதுராமனைச் சுட்டது. ஈப்போவில் புதிதாக ஒரு குழு வந்திருக்கிறது, அவர்கள் ரசிகர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாம் அவர்கள் பக்கம் போவோம் என்றான் கருணாகரன். ஏழெட்டுப் பேர் தலையசைத்தார்கள். மருதமுத்து தரையைப் பார்த்தான்.

“சுதந்திர நாள் வரைக்கும் பொறுங்க,” என்றான் சேதுராமன். “அதுக்குள்ள அவரு என்னைய உள்ள கூப்பிட்டு ஒரு வார்த்த பேசலன்னா நான் விலகிக்கிறேன். குழு நோட்டு, தட்டு, என் பெட்டி, எல்லாத்தையும் ஒங்கிட்டயே குடுத்துடறேன்.”

“பேசிட்டாருன்னா?”

“நீ சொல்லு.”

“அந்தப் பெட்டியத் தலையில தூக்கிகிட்டு செங் வரைக்கும் நடக்கிறேன்லா. நீ பின்னாடியே பஸ்ஸுல வந்து பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சொன்ன பேச்சு பந்தயமாக நின்றுவிட்டது. அந்தக் குழு போனால் சேதுராமனுக்குக் காக்கிச் சட்டையும் ஒரு வாடகை அறையும்தான் மிச்சம். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் அவன் நாற்பத்தேழாவது கடிதத்தை எழுதினான். அதில் விடிவெள்ளி இல்லை. ‘கல்லுக்குக்கூடக் கோயிலில் ஒரு நாள் கண் திறக்கிறார்கள். உங்களுக்கு அதுவும் இல்லை. மூன்றரை ஆண்டு நாங்கள் மாலை போட்டது வெறும் கல்லுக்கு.’ எட்டு வரி. திரும்பப் படித்துப் பார்க்காமல் தபாலில் போட்டான்.

ஆகஸ்டு மூன்றாம் வாரம் அன்னம்மா அவனுடைய பஸ்ஸில் ஏறினார். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, கையில் பசார் கூடை. மூன்றாண்டுகளாக ஏறி இறங்குகிறவர்தான். நடராஜனின் அக்காவிடம் டிக்கெட் தவிர வேறு பேசுவது மரியாதையில்லை என்று சேதுராமன் ஒதுங்கியே இருந்தான். அன்று அவரே கூடையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டி மலாயில் கேட்டார்.

“புக்கிட் பாருவுலேர்ந்து குடுத்தாங்க. என்னைக்கு, எத்தனை மணிக்குன்னு பாத்துச் சொல்லேன்.”

அவன் படித்துச் சொன்னான். சொல்லிவிட்டு, “தம்பி படிக்க மாட்டாரா?” என்றான்.

“எங்க வீட்டுல யாரு தமிழ் படிப்பா? அவனுக்குத் தன் பேரக்கூட தமிழ்ல எழுதத் தெரியாது.”

பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டிகள் வீட்டில் மலாய்தான் பேசுவார்கள் என்பது சேதுராமனுக்குத் தெரியாததல்ல. அந்தக் கம்பத்து ஆட்களுக்குத் தினமும் மலாயில்தான் டிக்கெட் கொடுத்தான். ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்டவனுக்கு, பாடியவர் அதை மலாய் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்திருப்பார் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள். அவன் விசில் ஊத மறந்து நின்றான்.

“கடுதாசி எழுதுறது நான்தான் அக்கா,” என்றான் கடைசியில்.

அன்னம்மா அவனை முதல்முறையாக ஏற இறங்கப் பார்த்தார். “எல்லாம் டின்னுலதான் இருக்கு. ஞாயித்துக்கிழம வா. கேட்டு வைக்கிறேன்.”

ஆகஸ்டு இருபத்தேழு, ஞாயிறு. கதவு திறந்தது.

நடராஜன் சாரோங்கும் பனியனுமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. கித்தார் கண்ணில் படவில்லை. முன்னால் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் நாற்பத்தேழு கடிதங்கள், வந்த வரிசையில், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் இருந்தன.

“யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாமே,” என்றான் சேதுராமன், பஸ்ஸில் பேசிப் பழகிய மலாயில். “பக்கத்துலயே எத்தன பேரு இருக்காங்க.”

“பாச்சா, மெஸ்தி ஜவாப்,” என்றார் நடராஜன். படித்தால் பதில் போட்டாக வேண்டும். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. அது அலட்சியமா, அலட்சியத்துக்கு நேர் எதிரானதா என்று அந்த நேரத்தில் எடை போட சேதுராமனால் முடியவில்லை. பிறகு யாராலும் முடிந்ததாகத் தெரியவில்லை.

அவன் முதல் கடிதத்தைப் பிரித்தான். தமிழில் ஒரு தரம் படித்தான். பிறகு மலாயில் சொல்லத் தொடங்கினான். அங்கேதான் சங்கடம் வந்தது. டிக்கெட் கேட்கவும் நகர்ந்து நிற்கச் சொல்லவும் போதுமான மலாயில் விடிவெள்ளிக்கு இடமில்லை. இரண்டு பக்கப் பாராட்டு, ‘உங்கள் பாட்டு நல்லாயிருக்கு, நீங்கள் சுகமா, எப்போது வருவீர்கள்’ என்று சுருங்கியது. இரண்டாவது கடிதமும் அப்படியே. பத்தாவது கடிதத்தில் அவனுக்கே காது கூசியது.

நடராஜன் அந்தப் பகுதிகளில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பத்திகள் வந்தால் திரும்புவார்.

“மருதமுத்து அம்மாவுக்கு என்ன நோய்?”

“நீரிழிவு. கால எடுத்தாங்க. அப்புறம் தாங்கல.”

“அந்தப் பொண் கொழந்த, இப்ப நடக்குதா?”

“ஓடுது.”

தஞ்சோங் கிளிங் கடிதம் வந்தது. கடைசி பஸ் போய்விட்டதால் மழையோடு நடந்தே வீடு திரும்பினோம், உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று அதில் எழுதியிருந்தான்.

“எத்தன மைல்?”

“ஆறு.”

“பதிமூணு பேருமா?”

“பதிமூணு பேரும்.”

நடராஜன் எழுந்து உள்ளே போனார். திரும்பி வர நேரம் ஆனது. வந்தபோது கையில் இரண்டு கோப்பைக் காப்பி. சர்க்கரை அதிகம். சேதுராமன் குடித்தான்.

கடைசியாக நாற்பத்தேழாவது. அதை அவன் தமிழில் படித்தான். குரல் ஒரே இடத்தில் இரண்டு தரம் நின்றது. பிறகு மலாயில், “நீங்க சுகமான்னு கேட்டிருக்கேன்,” என்றான்.

நடராஜன் அவன் முகத்தைப் பார்த்தார். “சரி,” என்றார். கடிதத்தை வாங்கி மற்றவற்றோடு டின்னில் வைத்து மூடினார்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று கேட்டார்.

“காலையில முதல் பஸ்ஸுல நீயா?”

“ஆமா. ஆறு பத்து.”

“ரெண்டு விசில் ஊதுறது நீதான். மத்தவங்க ஒண்ணுதான் ஊதுவாங்க.”

“ஒண்ணு டிரைவருக்குக் கேக்காது. அதுக்காக.”

“போன வருஷம் மழ மாசத்துல எட்டு நாள் கேக்கல.”

“காய்ச்சல்.”

“ம்,” என்றார் நடராஜன். கதவைச் சாத்திக்கொண்டார். யாரிடமும் சொல்லாதே என்று அவரும் சொல்லவில்லை, அன்னம்மாவும் சொல்லவில்லை.

ஆகஸ்டு முப்பத்தொன்று. சுதந்திரத்துக்குப் பத்து வயது. தெருவெல்லாம் கொடி கட்டியிருந்தார்கள், டவுனில் ஊர்வல வாத்தியம் காஜா பெராங் வரைக்கும் கேட்டது. மருதமுத்துவின் பின்கட்டில் பன்னிரண்டு பேரும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சேதுராமன் பாட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேலை உடுப்பில்தான் இருந்தான்.

“போனியா?” என்றான் கருணாகரன்.

“போனேன்.”

“என்னா ஆச்சு?”

மருதமுத்து நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய அம்மாவைப் பற்றி நடராஜன் கேட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. திறந்தது என்று சொன்னால் அடுத்த ஞாயிறே பன்னிரண்டு பேரும் அந்த வேலியருகே போய் நிற்பார்கள்.

“கதவு தொறக்கல,” என்றான் சேதுராமன்.

பெட்டியைக் கருணாகரனின் முன்னால் வைத்தான். அதன் மேல் இசைத்தட்டு, அதன் மேல் நோட்டு. ஜெயித்தவன் தடுமாறினான். “பெட்டிய வெச்சுக்கய்யா, நான் வெளையாட்டுக்குல்ல சொன்னேன்,” என்றான். “சொன்னா சொன்னதுதான்,” என்று சேதுராமன் தோல்பையை மாட்டிக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான். அடுத்த வாரம் குழு ஈப்போக்காரர்களின் படத்தைச் சுவரில் மாட்டியது. சேதுராமன் அங்கே மறுபடி போகவில்லை. நடராஜனின் வீட்டுக்கும் போகவில்லை. ஆறு பத்து பஸ்ஸில் மட்டும் எப்போதும் போல இரண்டு விசில் ஊதினான்.

கதவு திறக்கவில்லை என்று அவன் சொன்ன கதை சுற்றிச் சுற்றிச் சில மாதம் கழித்து அன்னம்மாவின் காதுக்கு வந்தது. ஒரு நாள் பஸ்ஸில் அவர் அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

“காப்பி குடிச்சிட்டுத்தானே போன? ஏன் அப்பிடிச் சொன்ன?”

சேதுராமன் டிக்கெட்டில் ஓட்டை போட்டு அவர் உள்ளங்கையில் வைத்தான். பிறகு பின்னால் ஏறியவர்களிடம் நகர்ந்து போனான்.