வடிவாக எழுதிய விலகல் கடிதம்

ஆயுள் காப்புறுதி விற்பவர் சாவு என்ற சொல்லைச் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம்; வேலை போனால் வீட்டுக் கடன் தவணையைக் கட்டும் காப்புறுதியை விற்கிற எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "உங்களுக்கு வேலை போச்சுதெண்டால்..." என்றுதான் வாயைத் திறக்கவேண்டும். அதைச் சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியை முழுதாகக் குடித்து எழும்பிய வீடுகள் மன்னாரில் எனக்குக் குறைவு. வாசல் வாசலாக ஏறி இறங்கும் என் இனத்தவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

குடிபூரலும் நானும்

சிவகுமாரும் அவர் மனைவி வதனியும் என் ஊரான பாப்பாமோட்டைப் பிள்ளைகள். அவர் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனியில் மேற்பார்வையாளர். அவள் மருந்து விற்கும் பாமசியில் வேலை. இரண்டு சம்பளத்தையும் நம்பி வங்கியில் கடன் எடுத்து, மன்னார் டவுனுக்குப் பக்கத்தில் நீலக் கேற் போட்ட வீடொன்று கட்டினார்கள். கேற்றின் நிறத்தைத் தெரிவுசெய்ய மட்டும் வதனிக்கு ஒரு மாதம் பிடித்தது.

புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போன நான் பரிசோடு காப்புறுதிப் படிவத்தையும் கொண்டுபோனேன். தொழில் புத்தி எங்கே போகும்? கணவன் மனைவி இருவரில் யாரை வேலையால் நிறுத்தினாலும் ஆறு மாதத் தவணையை எங்கள் கொம்பனி கட்டும் என்றேன். பால் பொங்கிய அடுப்பு ஆறியிருக்கவில்லை. வதனியின் முகம் சுருங்கிவிட்டது. சிவகுமார்தான் சிரித்துக்கொண்டு கையெழுத்து வைத்து, அவளையும் வைக்கச் சொன்னார்.

நிபந்தனைகளை வாசித்துக் காட்டுவது எங்கள் கடமை. தானாக விலகினால் பணம் இல்லை, நிறுத்தியதாகக் கடிதம் வேண்டும் என்ற இடத்தையும் வாசித்தேன். பாயாசம் ஆறுகிறதே என்று கொஞ்சம் ஓட்டமாக வாசித்தேன். வதனி என் கையில் கிண்ணத்தைத் தந்து சொன்னாள்: "வாசிச்சது காணும் அக்கா. நல்ல நாளில இந்தச் சொல்லை இன்னொருக்காச் சொல்லாதேங்கோ."

கொண்டச்சியில் ஒரு கேள்வி

ஒருமுறை கடலோரக் கிராமமான கொண்டச்சிக்குப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் நானாவும் அவருடைய மனைவியும் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். வேலை போனதற்குக் கடிதம் இருந்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்று முடித்தேன்.

நானா ஊசியைக் கீழே வைத்தார். "மிஸ், எங்களுக்கு வேலை தாறது கடல். அது எங்கள நிப்பாட்டினா, கடிதத்தை ஆரு மிஸ் தாறது?"

அதைப் பலநாள் பகிடியாகச் சொல்லித் திரிந்தேன். கடிதம் என்பது எவ்வளவு பெரிய விசயம் என்று அவர் எனக்குச் சொல்லித்தந்திருந்தார். நான் சிரித்ததோடு சரி.

மரியாதையான கடிதம்

குடிபூரல் முடிந்து இரண்டு வருசம் கழித்து ஒரு பின்னேரம் சிவகுமாரும் வதனியும் என் வீட்டுக்கு வந்தார்கள். சிவகுமாரின் கொம்பனி ஆட்களைக் குறைக்கிறதாம். மனேஜர் அவரைக் கூப்பிட்டு, "நாங்கள் நிப்பாட்டினதாக் கடிதம் தரவோ, இல்லாட்டி நீங்களே விலகிறதா எழுதித் தாறீங்களோ?" என்று கேட்டாராம். எவ்வளவு நல்ல மனிதர் என்று நாங்கள் மூவரும் அன்றைக்கு நினைத்தோம்.

வதனியின் தங்கைக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மூத்த மருமகனை வேலையால் கலைத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரின் காதுக்கு எட்டினால் என்னாவது? எங்கள் பக்கத்தில் வேலை போவது கஷ்டம். கலைத்தார்கள் என்ற பெயர் அதைவிடக் கஷ்டம். கோயில் நோட்டீசிலிருந்து அரச அதிபரின் கச்சேரிக்குப் போகும் விண்ணப்பம் வரைக்கும் ஊருக்கு எழுதிக்கொடுக்கிறவள் நான். அந்தத் திமிரில் விலகல் கடிதத்துக்குப் பேனையை எடுத்தேன். "எனது சொந்த விருப்பின் பேரில், மிகுந்த நன்றியுணர்வோடு விலகிக்கொள்கிறேன்" என்று எழுதியபோது எனக்கே பெருமையாக இருந்தது. அந்தக் காப்புறுதியை விற்றவள் நான்தான் என்பது அந்த ஒரு மணித்தியாலத்தில் என் மண்டையில் ஏறவேயில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சிவகுமார் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. "அக்கா எழுதினால் அதில ஒரு மரியாதை இருக்கும்."

மீன் சந்தையில்

அந்த மரியாதை எத்தனை நாள் நின்றது என்கிறீர்கள்? நாலாம் நாள் மீன் சந்தையில் பாரைக்கு விலை கேட்டேன். செதில் சீவிக்கொண்டே வியாபாரி என்னை விசாரித்தார்: "உங்கட ஊர்ப் பொடியன் சிவகுமாரையும் கொம்பனியால கலைச்சுப்போட்டாங்களாம், பாவம். என்ன மிஸ் நடந்தது?"

கந்தோரில்

ஊரே நம்பாத கடிதத்தை எங்கள் கொம்பனி மட்டும் நம்பியது. கோரிக்கைப் படிவத்தோடு சேர்க்கச் சிவகுமார் கடிதத்தின் பிரதியைக் கொண்டுவந்து தந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. தானாக விலகினால் பணம் இல்லை! என்றாலும் ஏதாவது வழி பிறக்கும் என்று எங்கள் கொம்பனிக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அதற்கு முன் அவருடைய மனேஜரிடமும் போனேன். விலகியவரை நிறுத்தியதாக எழுத முடியாது என்று கைவிரித்துவிட்டார். நிறுத்தியிருந்தால் நண்டுக் கொம்பனி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த நட்டஈடும் அவர்களுக்கு மிச்சம் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. நல்ல மனிதர்!

கோரிக்கைகளைப் பார்க்கும் எங்கள் அலுவலர் வன்மம் உள்ளவர் அல்ல. கடிதத்தை முழுதாக வாசித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்தார். "ஆர் எழுதினதோ தெரியாது மிஸ், நல்ல தமிழ். ஆனா இவ்வளவு சந்தோசமா விலகிப் போனவருக்கு நாங்கள் என்னெண்டு காசு குடுக்கிறது?"

நீலக் கேற்

அன்றே அவர்கள் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். தவறு என்னுடையது, கடிதம் எழுதும்போதே நான் தடுத்திருக்க வேண்டும் என்றேன். சிவகுமார் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வதனி என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

பாமசிச் சம்பளம் தவணைக்குக் காணாது. அடுத்த மாதம் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் பாப்பாமோட்டைக்குத் திரும்பினார்கள். சிவகுமார் தகப்பனோடு வயலில் இறங்கினார். வதனி விடிய பஸ் ஏறி டவுனுக்கு வேலைக்கு வருகிறாள். பஸ் அந்த வீட்டைத் தாண்டித்தான் போகும். இப்போது நீலக் கேற்றடியில் கழுதைகள் படுத்திருக்கின்றன. அவற்றை விரட்டிக்கொண்டு நிற்பது வேறு யாரோ. தங்கையின் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் முதலே தெரியுமாம். அவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லையாம்.

போன கிழமை வதனி ஒரு கொப்பித் தாளோடு வந்தாள். வாடகை வந்தும் தவணை இழுபடுகிறது. காலத்தை நீட்டித்தரச் சொல்லி வங்கிக்கு ஒரு கடிதம் வேண்டும். கிடைக்காவிட்டால் வீட்டை விற்பதுதான் மிச்சம். என்னிடம் இன்னும் வருகிறாளே என்று நினைத்துக்கொண்டேன். பேனையை எடுத்து, "நன்மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கினேன். அவள் என் கையைப் பிடித்தாள். "இந்தமுறை வடிவா எழுதாதேங்கோ அக்கா. அவரைக் கலைச்சுப்போட்டாங்கள் எண்டே எழுதுங்கோ."

இத்தனை வருசமாக ஊருக்கெல்லாம் நிபந்தனைகளை உரத்து வாசித்துக் காட்டுகிறவள், வாசிக்கும்போது தானும் கொஞ்சம் காதுகொடுத்திருக்கலாம்.