மேனாம்பேட்டு எர்த் குழி

என் கணவர் அமீருதீனுக்குப் பூந்தமல்லிதான் சொந்த ஊர். வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்தி ஒயரிங் செய்து கொடுப்பது இருபத்தாறு வருடம் அவர் செய்த தொழில். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ஃப்ளாட்டுகளுக்குக் குடிவந்தவர்கள் 'ஆடியோ பாய்' என்று அவர் நம்பரைக் கைமாற்றிக்கொள்வார்கள். யாராவது கெஞ்சினால் உடனே இளகிவிடுவார்.

போன வருடம் மேனாம்பேட்டில் ஒரு ஃப்ளாட்டிலிருந்து அபிஷேக் என்ற ஐடி பையன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல். ஆம்ப்ளிஃபையரைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. இவர் டெஸ்ட் லாம்பை எர்த்தில் வைத்தார், பல்பு எரியவில்லை; எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கீழே போய்த் தேடினார். நாற்பத்துநான்கு வீடுகளுக்கும் பொதுவான எர்த் குழியை மூடி, கார் நிறுத்த டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அறுந்த கம்பியின் முனை மட்டும் சுவரோரம் தொங்கியது.

"டைல்ஸ உடைக்கணும் சார். எங்கனா லீக்கானா கரண்டு போக வழியில்ல, ஆள அடிச்சிடும்" என்றார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதன் சிரித்தார். "இன்னா பாய், உள்ள புதையல் கிதையல் கீதா? திங்கக்கிழமை ஆள் உட்டு உடைச்சித் தரேன், போ."

அபிஷேக் விடவில்லை. "அண்ணா, நாளைக்கு ஃப்ரெண்ட்ஸ்லாம் மேட்ச் பார்க்க வராங்க. சத்தத்த மட்டுமாவது நிறுத்திக் குடுங்கண்ணா."

இரைச்சல் கேபிள் டிவி ஒயர் வழியாக வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சின்ன ஐசொலேட்டரைப் போட்டதும் நின்றுவிட்டது. வீட்டிலிருந்தவர்கள் கைதட்டினார்களாம்.

அந்தத் திங்கட்கிழமை வரவேயில்லை. ஒன்பது முறை போய்க் கேட்டார். பிறகு வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினான். ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இவர் சொன்னார்.

"சத்தத்த வுட்டு வெச்சிருக்கணும் ஃபஸீலா. அது கத்திக்கினே இருந்தா உடைச்சிருப்பானுங்க. நானே அத்தோட வாயப் பொத்திட்டு வந்துட்டேன்."

"நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்க" என்றேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

அதன் பிறகு எர்த்தைச் சரிசெய்யாமல் எந்த வீட்டிலும் வேறெதையும் தொடமாட்டேன் என்றார். கூப்பிடுவோர் குறைந்தார்கள். டிசம்பரில் மாரடைப்பு. ஐம்பத்தொரு வயது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் வரதனுக்கு நான் போன் செய்தேன்.

"கேள்விப்பட்டேம்மா, தங்கமான மனுசன்" என்றார். டைல்ஸை உடைத்தீர்களா என்று கேட்டேன்.

"அதான் பாய் அன்னிக்கே சரி பண்ணிட்டாரேம்மா. அதுக்கப்புறம் ஒரு கம்ப்ளைண்ட் இல்ல."

சரியாகவில்லை, சத்தம்தான் நின்றது என்று விளக்கத் தொடங்கினேன். வேறு கால் வருகிறது என்று வைத்துவிட்டார். அதிலிருந்து என் போனை அவர் எடுப்பதில்லை.