ஒரே வரியில் இரண்டு குழந்தைகள்

அந்த மருத்துவமனைப் பதிவறையில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவளை எல்லோரும் கம்ப்யூட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மகா கண்டிப்புக்காரி. வீட்டில் துவைத்த துண்டுக்குக்கூட நம்பர் போட்டு வைத்திருப்பாள். "என் முதுகுலயும் ஒண்ணு எழுதிடு, தொலைஞ்சா தேட வசதியா இருக்கும்" என்பார் பஸ் ஓட்டும் அவள் கணவர். சிரிக்கமாட்டாள். பெயரை நம்பாதே, நம்பர்தான் ஆள் என்று புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் அடித்துச் சொல்பவளே அவள்தான்.

அப்படிப்பட்டவள்தான் பெயரை நம்பி ஏமாந்தாள்.

அவளுடைய தரவுத்தளம் ஒரு பெரிய அட்டவணை. நோயாளி ஒருவருக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் வேறு யாருக்கும் இல்லாத ஒரு நம்பர். ஆனால் அட்டையைத் தொலைத்துவிட்டு வருபவர்களுக்குக் கவுண்டரில் யோசிக்காமல் புது நம்பர் கொடுத்துவிடுவார்கள். ஒரே ஆள் மூன்று வரிகளில் கிடப்பார். இந்தக் குப்பையைக் களையச் சொல்லி மேலாளர் போன வாரம் உத்தரவு போட்டார். பெயர், பிறந்த தேதி, அம்மா, முகவரி, போன் எல்லாம் ஒத்துப்போன வரிகளை அவள் ஒன்றாக்கினாள். மற்ற விவரங்கள் மாறுபட்டால் கடைசியாகத் திறந்து எழுதிய வரியை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தாள். புதியதுதான் சரியாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால். இடுப்பில் குழந்தையோடு ஒரு அப்பா ஜன்னலருகே வந்து இரண்டு அட்டைகளை நீட்டினார்.

"அக்கா, சின்னவளைக் காய்ச்சல்னு மேல சேர்த்திருக்கோம். அவ நம்பரே இல்லைன்னு சொல்லி இவ நம்பர்ல சீட்டுப் போட்டுட்டாங்க. இவ மூத்தவ."

"மூத்தவளா? எத்தனை வயசு வித்தியாசம்?"

"ஏழு நிமிஷம்."

இரண்டு அட்டைகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள்: நம்பர் தவிர எல்லாம் ஒன்றே. பெயர் வைக்காத குழந்தைகளை 'இன்னாரின் குழந்தை' என்றே பதிவுசெய்வார்கள். பெற்றவர்கள் பிறகு வந்து பெயரைச் சேர்க்கவேண்டும். பாதிப் பேர் வருவதில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்கு எந்த விவரம்தான் மாறும்?

வரிகளை ஒன்றாக்கும் முன் எடுத்துவைத்த நகலைத் திறந்து அழிந்த வரியைத் தேடினாள். சிவப்பு எழுத்தில் இருந்தது: ஒரு ஊசி மருந்தின் பெயர், அது உடம்பில் ஏறினால் இந்தக் குழந்தைக்கு மூச்சு அடைக்கும் என்ற எச்சரிக்கை. இப்போதைய வரியில் அந்த இடம் காலி.

திருத்தப் போனாள். 'இந்தப் பதிவு குழந்தைகள் வார்டில் பயன்பாட்டில் உள்ளது' என்றது திரை. ஒருவர் எழுதும்போது இன்னொருவர் கைவைக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான், அவளே பத்துப் பேரிடம் மெச்சிப் பேசியிருக்கிறாள். இப்போது அதைத் தூக்கிப்போட்டு உடைக்கவேண்டும் போலிருந்தது. மேலே யாரோ இந்த நிமிடம் அந்தக் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

வார்டு போனை யாரும் எடுக்கவில்லை. லிஃப்ட் வரவில்லை. நான்கு மாடி. மூட்டுவலிக்காரி, செருப்பைப் பாதியில் உதறிவிட்டு ஓடினாள்.

நர்ஸ் மருந்தை ஏற்றிய ஊசியைக் குழந்தையின் சலைன் குழாய் அருகே கொண்டுபோயிருந்தாள்.

"நிறுத்தும்மா! அதைப் போடாதே!"

நர்ஸின் கை அப்படியே நின்றது. கம்ப்யூட்டரக்கா மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள். நர்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் பார்த்தேன் அக்கா, ஒண்ணுமே எழுதலையே. சிஸ்டம் தப்பா?"

ஆமாம் என்றால் முடிந்தது. யாரும் தோண்டப்போவதில்லை. வேலையும் தப்பும்.

"சிஸ்டம் மேல பழி போடாதே. நான்தான் அழிச்சேன்."

கட்டிலருகே நின்ற தாய் குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். "பொறந்தப்பவே ஏதோ மருந்து ஒத்துக்காதுன்னாங்க. மருந்துப் பேரை எழுதித் தாங்கன்னு கேட்டேன். எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, நீங்க பேசாம போங்கன்னாங்க."

கம்ப்யூட்டரக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

தாய் திட்டவில்லை. "இந்த மாதிரி இன்னும் எத்தனை பேரை ஒண்ணாக்கினீங்க?" என்று கேட்டாள்.

"முந்நூத்திப் பதினாலு."

"அதுல எத்தனை குழந்தைங்க?"

அதை அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை. "தெரியலம்மா" என்றவள் திரும்பிப் படிகளை நோக்கி ஓடினாள்.