நிலக்கரி லாரியை மணலில் இறக்கியவர்

போன வருடம் சித்திரை வெயிலில் காரைக்காலில் நடந்தது இது. கணவர் துபாயில் இருப்பதால், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் எங்கள் ஹைபிரிட் காரை நான்தான் ஓட்டுகிறேன். உப்புக்காற்று பட்டு, பேட்டரியைக் கட்டுப்படுத்தும் கருவியின் இணைப்பு அரித்துப்போயிருந்தது. எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. தலத்தெருவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

வேலை முடிந்தது என்று போன் வந்ததும் போனேன். மெக்கானிக் சாவியைக் கொடுத்தார், ஆனால் வீட்டுக்கு விடவில்லை.

"ஸ்கேனர்ல சரியாத்தான் காட்டுது மேடம். ஆனா சூடேறி, மேடு பள்ளத்துல ஓடுன பெறகும் லைட் வரக்கூடாது. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல இருந்து பாக்குறேன்."

நாகூர் சாலையில் கிளம்பினோம். கீழவாஞ்சூர்ப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தும் கார் நகரவில்லை. நடுரோட்டில் நின்றுவிட்டோம். பின்னால், துறைமுகத்திலிருந்து முழு லோடுடன் ஒரு நிலக்கரி லாரி.

"இறங்குங்க மேடம்!" என்று மெக்கானிக் கத்தினார். எனக்கு சீட் பெல்ட்டைக் கழற்றக்கூடக் கை வரவில்லை. எங்களை இடிக்க இருந்த லாரி சட்டென்று திரும்பி ஓரத்து மணலில் இறங்கிச் சாய்ந்தது. நிலக்கரி பாதிக்குமேல் கொட்டிப்போனது.

நெற்றியில் ரத்தம் வழிய டிரைவர் இறங்கி ஓடி வந்தார். "அடி எதுவும் படலையேம்மா?"

நான் அழுதேன். "அழுவாதம்மா, ஒண்ணும் ஆவல" என்றவர், மெக்கானிக்கோடு சேர்ந்து காரை ஓரமாகத் தள்ளினார். அதற்குள் தகவல் தெரிந்து கொழுந்தனார் வந்து என்னை அழைத்துப்போய்விட்டார். அந்த மனிதருக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பயத்தில் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டேன். இணைப்பில் ஒரு பின் சரியாக உட்காராததுதான் கோளாறாம். மெக்கானிக் அதை மாற்றி, அதே சாலையில் தானே பலமுறை ஓட்டிப் பார்த்த பிறகே காரைக் கொண்டுவந்தார்.

உடம்பு தேறியதும் பிரியாணி சமைத்து எடுத்துக்கொண்டு அந்த லாரி நிற்கும் ஷெட்டை விசாரித்துத் தேடிப் போனேன். மணலில் லாரியை இறக்கிய டிரைவரைக் கேட்டதும், அங்கிருந்த மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவர வேலைய விட்டு நிறுத்தியாச்சும்மா. முன்னால கார் நின்னுச்சு, அதான் திருப்புனேன்னு சொன்னாரு. மொதலாளி நம்பல, தூங்கிட்டு ஓட்டியிருப்பார்னு சொல்லிட்டாரு."

"நின்னது என் கார்தாங்க. உள்ள நான் இருந்தேன்."

"இத அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். வேறு ஆள் போட்டாயிற்று என்றார். டிரைவர் ஊருக்குப் போய்விட்டார், அவர் போனும் அணைந்துகிடந்தது.

கார் இப்போது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காக துஆ கேட்கிறேன். ஆனால் அன்று அவருக்குத் தேவைப்பட்டது, நடந்ததை நடந்தபடி சொல்ல ஒரு சாட்சி மட்டும்தான்.