கோ-உன் போன சுற்றுலா

பான் மியோங்-ஜா முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேரைத் தூக்கி உட்காரவைத்துப் பழகியவள். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குவாள். அந்தப் பழக்கம்தான் கொரியத் தென்கரையில் ஒரு தொடக்கப்பள்ளியில் அவளுக்கு உதவியாளர் வேலை வாங்கிக் கொடுத்தது. அவள் பொறுப்பில் இருந்தவள் கோ-உன். ஒன்பது வயது. தசை நோய். சக்கர நாற்காலி.

கோ-உன் வசந்தச் சுற்றுலாவுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் பள்ளியிலிருந்து போன் வரும். பிள்ளை அன்றைக்கு வீட்டில் நிம்மதியாக ஓய்வெடுக்கட்டும் என்பார்கள். அம்மா நன்றி சொல்லி, எதிரில் ஆளில்லாவிட்டாலும் தலைகுனிந்து, போனை வைத்துவிடுவாள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வருடம் சேற்றுக் கடற்கரையில் மட்டிச் சிப்பி தோண்ட ஏற்பாடு. போன் வந்தபோது அம்மா நன்றி சொல்லவில்லை.

"ஓய்வெடுத்து ஓய்வெடுத்து அவளுக்கே அலுத்துப்போச்சு சார். இந்தத் தடவ வரட்டும்."

வகுப்பாசிரியர் போங் நல்லவர்தான், பயந்தவர். மியோங்-ஜாவிடம் வந்து புலம்பினார். "ஏதாவது ஆச்சுன்னா கோர்ட்ல போய் நிக்கறது நான்தாங்க."

"தூக்கப்போறது நான். நீங்க தண்ணிப் பெட்டியத் தூக்குங்க சார், அது போதும்."

பஸ்ஸில் சாய்தளம் இல்லை. மியோங்-ஜா கோ-உன்னை மார்போடு அணைத்துப் படியேற்றினாள். கடற்கரையில் நாற்காலிச் சக்கரம் சேற்றில் இறங்க முடியாமல் மேட்டோடு நின்றுவிட்டது. மட்டி பொறுக்கும் பெண்ணொருத்தி சேற்றில் சறுக்கிப் போகும் தன் பலகையைக் காட்டி, பிள்ளையை இதில் உட்காரவைத்தால் தள்ளிக்கொண்டு போகிறேன் என்றாள். கோ-உன் உடனே கையை நீட்டினாள். காப்பீடு அதற்குச் செல்லாது என்று போங் மறுத்துவிட்டார். படமெடுக்கும் வேலையைக் கோ-உன்னுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் சேற்றில் இறங்கினார்கள்.

வெயில் ஏறியது. கோ-உன்னின் டப்பாவில் கிம்பாப் சோற்றுச் சுருள்கள் அப்படியே இருந்தன. தண்ணீர் கொடுத்தால் தாகமில்லை என்றாள். உதடு வெடித்திருப்பதைப் பார்த்து மியோங்-ஜா அதட்டிக் கேட்டபிறகுதான் முந்தின சாயங்காலத்திலிருந்தே அவள் எதுவும் குடிக்கவில்லை என்பது தெரிந்தது.

"குடிச்சா பாத்ரூம் போணும். அங்க எல்லாம் படியாத்தான் இருக்கும். உங்களுக்குத்தான கஷ்டம் டீச்சர்."

கொஞ்ச நேரத்தில் கண் செருகித் தலை தொங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. பிள்ளைகளைச் சேற்றுக் காலோடு பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

கோ-உன் தேறிவிட்டாள். பெற்றோர் குழுவில், ஒரு பிள்ளையால் வகுப்புச் சுற்றுலாவே கெட்டது என்று எழுதினார்கள். அம்மா அரிசிப் பலகாரப் பெட்டிகளோடு வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் யாருக்குமே சுற்றுலா இல்லை. சேற்றைப் பிளாஸ்டிக் தொட்டிகளில் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். இது எல்லாருக்கும் சமமான ஏற்பாடு என்று துணைத் தலைமையாசிரியர் பேசினார். மியோங்-ஜா நாற்காலியைத் தொட்டி விளிம்புவரை தள்ளினாள். அங்கிருந்த பிள்ளைகள் பக்கத்துத் தொட்டிக்கு நகர்ந்துகொண்டார்கள்.

"சேத்துக்குள்ள கைய விடு, ஜில்லுனு இருக்கும்," என்றாள்.

கோ-உன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. "கிளாசுக்கே போயிடலாம் டீச்சர்."

மியோங்-ஜா பிரேக்கை விடுவித்து நாற்காலியைத் திருப்பினாள்.