திட்டு வாங்கும் நாற்காலி

செல்போன் வாடிக்கையாளர் மையத்தில் நாங்கள் விற்றது சிம் கார்டு, வாங்கியது திட்டு. கேட்காத காலர் டியூன் தானாக வந்து ஒட்டிக்கொண்டு பேலன்ஸைத் தின்ற காலத்தில் இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிதம்பரம் மையத்துக்கு நான் மேனேஜர். என்னிடம் இருந்தவர்கள் எல்லாம் அப்போதுதான் காலேஜ் முடித்த பிள்ளைகள்.

ஆள் மாற்றம்

திட்டு வாங்கிய பிள்ளை எழுந்து டீ குடிக்கப் போய்விட வேண்டும், அந்த நாற்காலியில் நான் உட்காருவேன் என்று ஒரு வழக்கம் வைத்தேன். புது முகத்தைப் பார்த்ததும் வந்தவருக்குப் பாதிக் கோபம் போய்விடும். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒருவர் மேஜையைத் தட்டித் தட்டிக் கத்தி முடித்தார். பிள்ளை எழுந்தான், நான் உட்கார்ந்தேன். அவர் களைத்துப்போய்க் கேட்டார்: "என்னா சார் இது, மறுபடியும் மொதல்லேருந்து திட்டணுமா?"

எழுந்திருக்காதவள்

கயல் மட்டும் எழுந்ததே இல்லை. பிச்சாவரம் பக்கத்து மீனவக் குடும்பம். அவள் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள். என்ன திட்டினாலும் சிரித்த முகம். மற்றவர்களிடம் அவளைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் ஸ்டாக் ரூமில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். கேஷியர் மலர்தான் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். கயலுக்குப் பல நாளாகத் தூக்கமில்லையாம், காலையில் பஸ் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறதாம். வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். எல்லாரையும் போல எழுந்து போயிருக்கலாமேம்மா என்றேன். "எழுந்து போனா இவ லாயக்கில்லன்னு நெனைச்சிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சி சார்."

கண் டாக்டர்

வேலையை விடாதே, லீவு போடு, முதலில் மனநல டாக்டரைப் பார்ப்போம் என்றேன். அவள் அம்மா லேசில் சம்மதிக்கவில்லை. சிதம்பரத்தில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள், கடலூருக்குப் போகலாம், யார் கேட்டாலும் கண் டாக்டர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தான் கிளம்பினார். மலரும் நானும் கூடப் போனோம். உள்ளே நுழைந்தால் முதல் பெஞ்சிலேயே அவர்கள் தெருப் பெண். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள்: "உக்காருக்கா. நானும் கண்ணுக்குத்தான் வந்திருக்கேன்."

பாயின் விசாரிப்பு

கயல் இடத்துக்கு வேறு ஆள் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் மேல் போன். பிள்ளைகள் அவள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், நாற்காலியை விட்டுக்கொடுக்கவில்லை. நானும் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். மருந்து, டாக்டரிடம் மனம் விட்டுப் பேச்சு, நல்ல தூக்கம் என்று தேறி அவள் திரும்பி வந்தாள். இப்போது யாராவது கத்தினால் முகம் சுளித்தாள், 'மெதுவா பேசுங்க சார்' என்றாள்.

துபாயில் இருக்கும் மகனோடு பேச ரீசார்ஜ் செய்ய வரும் பரங்கிப்பேட்டை பாய் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. "முன்னல்லாம் சிரிச்சிக்கிட்டே இருக்குமே அந்தப் புள்ள, என்னாச்சி அதுக்கு?" என்று என்னிடம் விசாரித்தார். நான் வாய் திறப்பதற்குள் மலர் முந்திக்கொண்டாள்: "இப்பத்தான் பாய் அவ நல்லாருக்கா."

வாடிக்கையாளரிடம் முகம் சுளித்த பிள்ளையைப் பார்த்துக் கண் கலங்கிச் சந்தோஷப்பட்ட மேனேஜர், இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.